பசிக்குக் காப்பி

எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்ததுண்டு, காப்பிக்கு வந்ததே இல்லை. எங்கள் ஊர் வடக்குப்பட்டில் நாலு காணி நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே விருந்தாளி வந்தால்தான் காப்பி போடுவார்கள். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் அம்மா சந்திரம்மாள் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருந்த இரும்பு வார்க்கிற கம்பெனியில் கேன்டீன் வேலை பார்த்தாள். ஷிப்டுக்கு ஒரு தடவை அண்டாவில் வெந்நீர் கொதிக்கவிட்டு, துணிப்பையில் தூளைக் கொட்டி, டிகாஷன் இறக்குவது அவள் வேலை. மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்தால் புளித்துப்போகும். சாக்கடையில் ஊற்றுவதற்குப் பதிலாக நீயே எடுத்துக்கொண்டு போ என்று கேன்டீன் மேஸ்திரி யாக்கோபு சொல்லிவிட்டார். அதனால் சாயங்காலம் அம்மா வீடு திரும்பும்போது தூக்குச்சட்டி நிறையக் கறுப்பு டிகாஷன் வரும். பாலுக்கு எங்கே போவது? வெல்லம் இருந்தால் வெல்லம், இல்லாவிட்டால் அப்படியே.

அப்பா செத்தபோது நான் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவள். அக்கா சரோஜாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு. அந்தக் காலத்தில் ஒரு வேளைச் சோறு என்பது எங்கள் வீட்டில் நிச்சயமான விஷயம் இல்லை. நாங்கள் பசி என்று அழுதால் அம்மா ஆளுக்கொரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுப்பாள்.

"வவுறு கத்துதா? இந்தா, ஒரு மடக்கு குடி. அடங்கிடும்."

அது பொய்யும் இல்லை. நிஜமாகவே அடங்கும். கம்பெனியில் ஓ.டி. பார்க்கிற ஆண்கள் அப்படித்தான் ராத்திரி ஷிப்டை ஓட்டினார்கள். வீட்டிலிருந்து சோறு வராத நாளில் இரண்டு காப்பியை ஊற்றிக்கொண்டு உலைக்கு முன்னால் போய் நிற்பார்கள். அம்மாவும் அப்படித்தான் காலம் தள்ளினாள். அவள் படித்த படிப்பு அது ஒன்றுதான். ஆயுசு முழுக்க அவளுக்கு உதவிய படிப்பு அது. அதனால் அதைத் தப்பென்று யார் சொன்னாலும் அவளுக்கு ஏறாது.

சரோஜாவை மணிமங்கலம் பக்கம் கொடுத்தோம். நெல் விளைகிற குடும்பம். அங்கே போய் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். கர்ப்பமானதும் மாமியார் நெய்யும் பாலுமாக ஊட்டினார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம் பொண்ணு நெய்லதான் கைய கழுவுறா" என்று கேன்டீனில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். வலி எடுத்தது, நிற்கவில்லை, பிள்ளையும் வரவில்லை. ஊர் மருத்துவச்சி மீனம்மாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாட்டு வண்டியில் போட்டு மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், வழியில் போன செங்கல் லாரியை மறித்து ஏற்றி, ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா லீவு. இன்னொருவர் வருவார் என்றார்கள். அவர் வருவதற்குள் சரோஜா வராந்தா பெஞ்சிலேயே போய்விட்டாள். பிள்ளை அவளோடேயே போனது. அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டாக்டரு வந்துகினு கீறாரு, வந்துகினு கீறாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். செத்துப்போனவளிடம் ரொம்ப நேரம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கருமாதி அன்று மீனம்மாள் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் மேல் பழி வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

"கொழந்த தல பெருசு, சந்திரா. தின்னு தின்னு வளத்துட்டாங்க. சின்னதா இருந்திருந்தா வழுக்கிகினு வந்திருக்கும்."

இந்த ஒரு பேச்சு அம்மா காதில் விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் இது புதுசு இல்லைதான். பிள்ளைத்தாச்சி கொஞ்சமாகச் சாப்பிட்டால் பிரசவம் லேசாகும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, மசக்கைக்காரி மீன் குழம்பு கேட்டால் வைத்துக் கொடுத்தும் விடுவார்கள். என் அம்மா மட்டும் வாயால் சொன்னதைக் கையால் செய்தாள்.

எனக்குக் கல்யாணமானது அதற்கு மூன்று வருஷம் கழித்து. மாப்பிள்ளை நடேசன் லாரி டிரைவர், கல்கத்தா லைன். தாய் தகப்பன் இல்லாதவர். அதனால் நான் அம்மா வீட்டிலேயே இருந்தேன். அவர் மாசத்துக்கு ஒரு தடவை வந்து, இரண்டு நாள் தூங்கிவிட்டு, மறுபடி வண்டி ஏறுவார். நல்ல மனுஷர். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத நல்ல மனுஷர்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி கழிந்ததும் எனக்குத் தள்ளிப்போயிருப்பதை அம்மாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். உச்சியில் முத்தம் கொடுத்தாள். மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாள். அதெல்லாம் ஒரு நிமிஷம். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

மறுநாளிலிருந்து என் தட்டில் சோறு குறைந்தது. மத்தியானம் ஒரு கரண்டி, அதற்கு மேல் ரசம். ராத்திரி எலுமிச்சம்பழ அளவு கேழ்வரகுக் களி. பால், நெய், பருப்பு, மீன், முட்டை எதுவும் கிடையாது. பசிக்கிறது என்றால் இருக்கவே இருக்கிறது தூக்குச்சட்டி. காலையில் எழுந்ததும் பெரிய டம்ளரில் ஒன்று. அம்மா வேலைக்குப் போகும்போது சொம்பில் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் கம்பெனியிலிருந்து புதுசு வரும். தண்ணீரே கலக்காத டிகாஷன். வாயில் வைத்தால் நாக்கு சுருண்டுகொள்ளும்.

"கொஞ்ச நாளிக்குத்தானே கண்ணு," என்பாள். "பெத்துப் பொழச்சி வந்துடு. அப்பால உனக்கு நான் இன்னா வேணுமோ ஆக்கிப் போடுறேன்."

நானும் குடித்தேன். பிறந்ததிலிருந்து குடித்த பழக்கம், எனக்கென்ன கஷ்டம்? பசி தெரியவில்லை. ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ராத்திரி தூக்கம் வராமல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். வாசலில் கோலம் போடக் குனிந்தால் கை நடுங்கி இழை கோணிக்கொண்டு போகும். அம்மாவிடம் சொன்னால், "புள்ளத்தாச்சின்னா அப்டிதான் இருக்கும்" என்று முடித்துவிடுவாள்.

ஐந்தாம் மாசம் பிள்ளை அசையத் தொடங்கியது. ஒரு டம்ளர் குடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் உள்ளே எகிறிக் குதிக்கும். அம்மாவின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்டினேன்.

"அய்ய, பாரேன்! காப்பின்னா உசுரு போலகீது. நம்ம வூட்டுப் புள்ளன்னு காட்டுது."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸ் கனகம் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தாள். காஞ்சிபுரத்துக்காரி. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் வருவாள். வாய் கொஞ்சம் அதிகம். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் திட்டிவிட்டுத்தான் உட்காருவாள். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்றாள். தினம் ஒன்று சாப்பிடச் சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தாள்.

அவள் தலை மறைந்ததும் அம்மா மாத்திரையைப் பிடுங்கப் பார்த்தாள். மாத்திரை தின்றால் பிள்ளை குண்டாகிவிடும் என்பது ஊர் முழுக்க இருந்த நம்பிக்கை. நான் விடவில்லை. "ரத்தம் எனக்குத்தானேம்மா, புள்ளைக்கி இல்லியே" என்று சண்டை போட்டு அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். இரும்புத்துரு மாதிரி ஒரு வாடை வரும் அதில். வாடை தெரியாமல் இருக்கக் காலைக் காப்பியோடு முழுங்கினேன். ஒரு நாள் தவறவில்லை. அவ்வளவு ஒழுங்காக நான் வேறெதையும் செய்ததில்லை.

ஏழாம் மாசம் கனகம் மறுபடி வந்தாள். வயிற்றில் கையை வைத்து அழுத்தினாள். முகம் மாறியது. திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"மாத்திரை சாப்பிடுறியா?"

"தெனம் சாப்புடுறேங்க."

"எதுல?"

"காப்பிலங்க."

நெற்றியில் அடித்துக்கொண்டாள். "காப்பில முழுங்கினா அதுல இருக்கிற சத்து உடம்புல ஒட்டவே ஒட்டாது. தண்ணியில முழுங்கக் கூடாதா? சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு காப்பி குடிப்ப?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"கம்பெனி காப்பிமா, ஓசி," என்றாள் அம்மா, அதுவே ஒரு சமாதானம் மாதிரி.

கனகம் எழுந்துபோய்த் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத பாரு லீலா. போன மாசம் டிரெய்னிங்ல டாக்டரம்மா சொன்னாங்க. புள்ளத்தாச்சி குடிக்கிற காப்பி அவளோட நிக்கிறதில்ல. கொடி வழியா உள்ள இருக்கிறதுக்கும் போகுது. உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதில்ல? அதுக்கும் அடிக்கும். நீ பெரியவ, மெதுவாவாவது கழிச்சிடுவ. அதுக்குக் கழிக்கத் தெரியாது. அப்படியே வச்சிக்கிட்டுக் கெடக்கும். ஏதோ ஒரு டம்ளர் குடிச்சா யாரும் கேக்கப்போறதில்ல. நீ சோத்துக்குப் பதிலா குடிக்கிற. சோறும் இல்லாம ரத்தமும் இல்லாம அது எப்படி வளரும்? மாசம் ஏழு. பாத்தா அஞ்சு மாதிரி இருக்கு."

"சின்னதா இருக்கட்டும்னுதாம்மா," என்றாள் அம்மா.

கனகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. சரோஜாவின் கதையைக் கேட்டாள். அம்மா சொன்னாள். அழாமல், அவசரமில்லாமல், வண்டி ஏற்றியதிலிருந்து பெஞ்சு வரை சொன்னாள். கனகத்தின் குரல் தணிந்துவிட்டது.

"அது தலை பெருசானதால இல்லம்மா. நீங்க சொல்றதப் பாத்தா குறுக்க கெடந்திருக்கும். குறுக்க கெடந்தா எவ்வளவு சின்னதா இருந்தாலும் வராது. வயித்தக் கீறித்தான் எடுக்கணும். இவளுக்கு நேராத்தான் இருக்கு. நான் பாத்துட்டேன். இவ உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"சரோஜாவுக்கும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னாங்க."

"நான் கூடவே வர்றேன்மா. வலி வர்றதுக்கு முன்னாடியே கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடலாம்."

அம்மா, "ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றாள். "சின்னதா இருந்தா இவளுக்கு சுலபமா ஆவுமா, ஆவாதா?"

"ஆகும். ஆனா பொறக்கிறது தங்காது. இப்படியே போனா தங்காது. நான் பயமுறுத்துறதுக்காகச் சொல்லல."

"சரிம்மா," என்றாள் அம்மா. தலையையும் ஆட்டினாள். எனக்கு உயிர் வந்தது. அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே காப்பியை விட்டேன். அம்மாவும் டம்ளரை நீட்டவில்லை. மறுநாள் மத்தியானம் தலைவலி பிடித்தது. சாதாரணத் தலைவலி இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ உலக்கை போடுகிற மாதிரி இருந்தது. வெளிச்சம் பார்க்க முடியவில்லை. வாந்தி எடுத்தேன். அதற்கு மறுநாளும் அப்படியே. பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன்.

அம்மா டம்ளரைக் கொண்டுவந்து வாயருகில் வைத்தாள். "உடம்பு கேக்குது. குடுக்கலன்னா இன்னா ஆவறது?"

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை.

"பாத்தியா? சைக்கிள்ல வர்றவளுக்கு இன்னா தெரியும்?"

விட்டால் தலை பிளக்கிறது, குடித்தால் சரியாகிறது. எந்த நியாயத்தை வைத்துப் பார்த்தாலும் காப்பி மருந்து என்றுதானே தோன்றும்? பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்தத் தலைவலியைக் கொடுத்ததும் அதே காப்பிதான் என்று. இன்னும் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் தானாகப் போயிருக்குமாம். அதை அன்றைக்குச் சொல்ல யாரும் இல்லை. கனகத்துக்குப் பதினோரு ஊர், ஒரு சைக்கிள்.

காப்பி திரும்பி வந்தாலும் சாப்பாட்டையாவது கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிள்ளை தங்காது என்ற பேச்சு எனக்குள் போய்விட்டது. அது மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். அம்மா வேலைக்குப் போனதும் பக்கத்துக் கொல்லைக்குப் போய் வேலை செய்கிறவர்களிடம் ஒரு மடி வாங்கிக்கொண்டு வருவேன். பச்சையாகவும் தின்பேன், சுட்டும் தின்பேன். தின்னத் தின்ன அழுகை வரும். அவ்வளவு ருசி. வயிற்றைத் தடவி, "தின்னு, தின்னு" என்று சொல்வேன். எட்டு நாளோ பத்து நாளோ அப்படிப் போயிற்று. என் கண்ணுக்கு வயிறு கொஞ்சம் பெருத்த மாதிரிகூட இருந்தது.

ஒரு நாள் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். அடுப்புச் சாம்பலில் மல்லாட்டைத் தோல் கிடந்தது. நான் அடி விழும் என்று நினைத்துக் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. அப்படியே என் காலடியில் உட்கார்ந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள்.

"என்ன விட்டுட்டுப் பூடாதடி. உன் கால்ல வுழுறேன். அவளும் இப்டிதாண்டி தின்னா. அவள நான் மடியில வச்சிகினு எவ்ளோ நேரம் உக்காந்துனு இருந்தேன் தெரியுமா? என்னால இன்னொரு தபா முடியாதுடி. முடியாது."

பெற்றவள் காலைப் பிடித்துக்கொண்டு அழும்போது எந்தப் பெண்ணால் ஒரு கடலையை வாயில் போட முடியும்? என்னால் முடியவில்லை. மறுநாளிலிருந்து கொல்லைப் பக்கம் போகவில்லை.

எட்டாம் மாசக் கடைசியில் ஒரு விடிகாலை வலி எடுத்தது. கனகத்துக்குச் சொல்லியனுப்ப நேரமில்லை என்றாள் அம்மா. மீனம்மாள் வந்தாள். அவள் வெந்நீர் கேட்டு, அது சுடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. பெரிதாகக் கத்தக்கூட இல்லை. அம்மா குழந்தையைப் பார்க்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்தாள். மூக்கின் கீழ் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பிறகு கற்பூரம் எடுத்துக் கொளுத்தினாள்.

பெண் குழந்தை. மீனம்மாளின் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. தோல் மட்டும் பெரியவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அங்கங்கே மடிந்து தொங்கியது. நெற்றியில் சுருக்கம். மார்பில் வைத்தால் வாயைத் திறந்தது, இழுக்கத் தெம்பில்லை. ஓயாமல் கையும் காலும் வெட்டி வெட்டி நடுங்கின. ஒரு சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். கண்ணை மூடித் தூங்கவே இல்லை. அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கம். ஏழு மாசமாக என் கையில் இருந்ததுதான்.

அம்மா சும்மா இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சில் சுற்றினாள். தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சமாக வந்த பாலைப் பீய்ச்சித் திரி நனைத்து வாயில் சொட்டு சொட்டாக விட்டாள். அக்கா பெயரையே வைத்துவிட்டாள், சரோஜா என்று. இரண்டாம் நாள் கனகம் வந்து பார்த்துவிட்டு, இப்போதே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றாள். அம்மா கம்பெனிக்கு ஓடினாள். அங்கே யார் காலில் விழுந்தாளோ, யாக்கோபு கம்பெனி வேனோடு வந்தார். பஸ்ஸுக்கு நின்றிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். வேனில் போயும் ஒரு பயனும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டும்போது குழந்தையின் நடுக்கம் நின்றது. தூங்குகிறது என்று நினைத்து நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். கனகம் குழந்தையை வாங்கி நெஞ்சில் காதை வைத்தாள். பிறகு டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பி, ஓடைக்கரையில் புதைத்தோம். நான் போகவில்லை, பெண்கள் போகக் கூடாது. யாக்கோபுதான் கையில் ஏந்திக்கொண்டு போனார். நடேசனுக்குத் தந்தி கொடுத்தோம். அவர் எந்த ஊரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாரோ.

குழந்தை போன பிறகுதான் எனக்குப் பால் பெருகிச் சுரந்தது. சேலை நனைந்துகொண்டே இருந்தது. அம்மா மல்லிப்பூ வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டினாள். பால் வற்ற அதுதான் வைத்தியம். கல்யாண வீடு மாதிரி மணத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் கனகம் வந்தாள். உட்காரவில்லை. வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே அம்மாவைத் திட்டத் தொடங்கினாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. கேட்டீங்களா? உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது. ஒரு உசுரு போச்சு. ஒண்ணும் புரியாம இப்படி அநியாயமா..."

"புரிஞ்சிதும்மா," என்றாள் அம்மா.

அவள் அடுப்படியில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நீ சொன்னது நல்லா புரிஞ்சிது. சின்னதா பொறந்தா கொழந்த தங்காதுன்னு சொன்ன. இவளுக்கு சுலபமா ஆவும்னும் சொன்ன. நான்தான் கேட்டேனே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எனக்கு இவ போதும்."

கனகம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். "ரெண்டு பேருமே பொழச்சிருப்பாங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ரெண்டு பேரும் பொழச்சிருப்பாங்க."

"நான் போயிகீறேன் ஆஸ்பத்திரிக்கு," என்றாள் அம்மா. "பெஞ்சி பாத்துகீறேன்."

கனகம் சைக்கிளை உருட்டிக்கொண்டே தெருமுனை வரை போனாள், ஏறவில்லை.

நான் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் அவளைத் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். தெரியாமல் செய்தாள், பயத்தில் செய்தாள், பாவம் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லித்தான் வேனிலிருந்து வீடு வரை வந்து சேர்ந்தேன். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. கனகம் சொன்ன அன்றைக்குப் பிறகு, காப்பியைக் கையில் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் வயிற்றில் கை வைத்து அசைவு பார்த்த ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது.

அம்மா தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். குவியலாகச் சோறு. பூண்டுக் குழம்பு, பொரித்த கருவாடு, ஓரத்தில் ஒரு கரண்டி நெய். நெய் எங்கே கடன் வாங்கினாளோ.

"என்ன ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றேன். "உனக்கு நான் போதும்னு நீ முடிவு பண்ண. எனக்கு இன்னா வேணும்னு கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ கொழந்தையத்தான சொல்லியிருப்ப?" என்றாள். "அவள நீ பெத்த. உன்ன நான் பெத்தேன். சாப்புடு."

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் மடியில் விழ வேண்டும் போலவும் இருந்தது. மல்லிப்பூவுக்கு அடியில் பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கனத்தது. அந்த நிலையிலும் எனக்குப் பசித்தது. பிள்ளையைப் புதைத்த மறுநாள் இப்படி ஒரு பசியா என்று வெட்கமாக இருந்தது. தட்டை இழுத்துக்கொண்டேன். அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அம்மா எதிரில் உட்கார்ந்து என் கை வாய்க்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜா செத்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத நிம்மதி அன்றைக்கு இருந்தது.